அளவு டேப்போடு வந்த படக்காரம்மா

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் மாறிப்போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பிரேசில் தேசத்துப் படக்காரம்மாவைப் பற்றித் தமிழில் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அவர் படத்தில் வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரவேண்டும் என்று, அன்றைக்கு அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அல்சூர் டீச்சரம்மா கேட்டார். எனக்கு நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் சரி என்றேன். ஆனால் பேரை எழுத மாட்டேன். ஒக்கலிபுரம் பக்கம் என்பதற்கு மேல் எங்கள் சந்து எது என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் சந்தில் யாருக்கும் வீட்டுப் பத்திரம் கிடையாது. ஹக்குபத்ரா என்று அரசாங்கம் கொடுக்கிற உரிமைச் சீட்டு வரும், வரும் என்பார்கள். சீட்டு வரவில்லை, அளக்கிறவர்கள்தான் வந்தார்கள். முதலில் பின்சந்துக்கு வந்தார்கள். டேப்பு பிடித்தார்கள். வீட்டுக்காரியை ரேஷன் கார்டோடு கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கதவில் சிவப்பாக நம்பர் போட்டார்கள். சும்மா கணக்குக்குத்தான் என்றார்கள். கார்டு விலாசமும் கதவும் ஒத்துப்போனவர்களை ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் மூன்றாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒத்துப்போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. பின்சந்து இருந்த இடத்தில் இப்போது பஸ் போகிறது.

என் கார்டில் அப்போது அல்சூர் விலாசம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, நாத்தனார் காலி செய்த இந்த வீட்டுக்கு வந்தேன். விலாசம் மாற்றப் போனால் கரண்ட் பில் கேட்டார்கள், அது நாத்தனார் பேரில் இருந்தது. நாளைக்கு வாங்க என்பார்கள். எதிர்த்துப் பேச வாய் வராமல் திரும்பி வந்துவிடுவேன். யாராவது அந்தக் கார்டையும் என் கதவையும் சேர்த்துப் பார்த்தால் என் கதை முடிந்தது. இதுதான் என் பயம். வேறு ஒன்றும் இல்லை.

இப்படி இருக்கிறபோதுதான் படக்காரம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். நரைத்த முடியை ஒட்ட வெட்டி, ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தார். நிறம் எங்கள் நிறம்தான். ரயில் பாதை ஓரத்தில் வாழ்கிற ஜனங்களைப் படம் எடுக்கிறார் என்று டீச்சரம்மா சொன்னார். நாங்கள் நம்பவில்லை.

"பிரேசிலாம் பிரேசிலு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ஃபாரின்காரின்னா வெளுப்பா இருக்க மாட்டாளா? இவ நம்ம மீன்கார ஆன்ட்டிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா. அந்த அளக்கிறவனுங்கதான் மங்களூரு சைடுலேந்து பிடிச்சு அனுப்பிருக்கானுங்க."

"மெதுவா பேசு, காதுல விழும்" என்றேன்.

"விழட்டுமே. கன்னடம் தெரியாத மாதிரி நடிக்கிறா இல்ல, இதுக்கும் நடிக்கட்டும்."

எனக்கும் சந்தேகம்தான். சாக்கடையைப் படம் எடுத்தார். குழாயடியை எடுத்தார். ஜனங்களைப் படம் எடுக்க வந்தவருக்குச் சாக்கடை எதற்கு, குழாயடி எதற்கு? பிறகு காமிராவை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தினார். பையிலிருந்து டேப்பை எடுத்து, காமிராவிலிருந்து என் பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் இழுத்துப் பிடித்து அளந்தார்.

அவ்வளவுதான். சந்து முழுக்க ஓடியது. அடுப்பை அணைத்தவள், குழந்தையை இடுப்பில் இடுக்கியவள், எல்லாரும் பிளாஸ்டிக் கவரைத் தேடி ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு அவரவர் கதவுக்கு முன்னால் வந்து நின்றோம். கார்டை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும், அசையக் கூடாது. பின்சந்தைப் பார்த்து நாங்களே கற்றுக்கொண்டது இது. நிற்காவிட்டால் கணக்கிலேயே இல்லை என்று ஆகிவிடும், அதனால் நானும் நின்றேன். விலாசத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டேன்.

படக்காரம்மா காமிராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்பினார். அப்புறம் தலையைத் தூக்கி டீச்சரம்மாவிடம் ஏதோ கேட்டார்.

"எதுக்கு எல்லாரும் இப்படி நிக்கிறீங்கன்னு கேக்குறாங்க" என்றார் டீச்சரம்மா.

"நம்பர் போடத்தான்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "கதவுக்கு இப்பதான் பெயின்ட் அடிச்சோம், ஓரமாப் போடச் சொல்லுங்க."

படம் தெளிவாக விழத் தூரம் தெரிய வேண்டும், அதற்குத்தான் டேப்பு, பழைய பழக்கம் என்று டீச்சரம்மா விளக்கினார். பின்சந்தில் நம்பர் போட்ட கதையை அவர் அந்தம்மாவிடம் சொன்னார். கேட்டுவிட்டு அந்தம்மா குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். இனிமேல் உங்களை எடுப்பதற்கு முன்னால் நான் இதுவரை எடுத்த படங்களை நீங்கள் பாருங்கள் என்றார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் சந்துச் சங்கத்து ரூமில் திரைக்குப் போர்வையைக் கட்டிப் படம் காட்டினார். முதல் படம் அவர் சின்ன வயதில் எடுத்தது. ஒரு பெரிய ஆற்றங்கரையில் ஊர். ஜனங்கள் கதவுக்கு முன்னால் நின்று சிரித்தார்கள். ஒரு கதவு ஓரத்தில் பெயின்டால் நம்பர்.

டீச்சரம்மா காதருகில் போய்க் கேட்டேன். "அந்த வீடுங்க இப்ப இருக்கா?"

அவர் கேட்டுச் சொன்னார். "இல்லையாம். அணை கட்டினாங்களாம். எல்லாம் தண்ணிக்குள்ள இருக்காம்."

அந்தப் படத்துக்கு அணை கட்டிய கம்பெனிதான் காசு கொடுத்ததாம். சிரிக்கச் சொன்னது நான்தான் என்று படக்காரம்மாவே சொன்னார். பாருங்கள், சந்தோஷமாகத்தான் கிளம்பினார்கள் என்று கம்பெனி எல்லா இடத்திலும் அதைப் போட்டுக் காட்டியதாம்.

எதிர்வீட்டுக்காரி என் தொடையில் இடித்தாள். "வாயாலயே ஒத்துக்கிட்டா பாத்தியா. இப்ப காசு குடுக்கிறது யாருன்னு கேளு."

அவளே கேட்டாள். இரண்டு பல்கலைக்கழகமும் தன் சொந்தக் காசும் என்று பதில் வந்தது. அதை எப்படிச் சரிபார்ப்பது?

அடுத்த படம், அதே ஜனங்களை அனுப்பிய புது ஊரில் எடுத்தது. புது வீட்டில் கதவு இருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரும் பழைய வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். படம் முழுக்க அந்தக் கதவுகள்தான். யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஓட்டல் துணி வெளுக்கும் பெண்களைப் பற்றி ஒன்று. வேலை போய்விடும் என்று அவர்கள் சொன்னதால் முகமே இல்லை, கையும் குரலும் மட்டும். இஸ்திரி ஆவியில் அந்தக் கைகள் போய் வருவதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன். அது எனக்குப் பிடித்தது, ஒத்துக்கொள்கிறேன். தன் அம்மாவைப் பற்றியும் ஒரு படம் எடுத்தாராம். அம்மா பார்த்துவிட்டு வேண்டாம் என்றதால் அது இன்றைக்கும் பெட்டியில் கிடக்கிறதாம்.

அணைப் படத்துக்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். படத்தை வெளியில் காட்டும் முன் அதில் இருக்கிறவர்களுக்குக் காட்டுவார். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் அந்த இடத்தை வெட்டிவிடுவார். அவர் இதைச் சொன்னபோது ரூமில் பாதிப் பேர் மனசு இளகிவிட்டது. எனக்கு இளகவில்லை. பின்சந்துக்கு வந்தவர்களும் தன்மையாகத்தான் பேசினார்கள். டீ வாங்கிக் குடித்தார்கள்.

மழைக்காலம் முடியும்வரை வந்துபோனார். என் வீட்டில் கதவை எடுக்க விடவில்லை. அவரைக்காய் ஆய்கிற கையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், எடுத்தார். அவர் போன பிறகு, எதையாவது ஒளித்துவைத்துவிட்டுப் போனாரா என்று ஸ்டூலுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன்.

ஒரு வருஷம் கழித்துப் படத்தோடு திரும்பி வந்தார். அதே ரூம், அதே போர்வை. எல்லாரும் கலகலவென்று பார்த்தோம், அந்த இடம் வரும்வரை. கார்டைப் பிடித்துக்கொண்டு கதவு கதவாக நாங்கள் நின்ற வரிசை வந்தது. காமிரா என்னிடம் வந்தது. நான் கட்டைவிரலை வைத்திருந்தேன் என்றேனே, அது நழுவியிருக்கிறது. அல்சூர் என்ற எழுத்து அத்தனை பெரிதாகப் போர்வையில் தெரிந்தது. பக்கத்திலேயே என் கதவு.

விளக்குப் போட்டதும் எதிர்வீட்டுக்காரிதான் முதலில் பேசினாள். "நான் நிக்கிறதப் பாத்தீங்களா? கல்யாணத்துல கூட இவ்ளோ நல்லா விழல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். அத்தனை பேர் நடுவில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்த வரிசை வேணாம்" என்றேன்.

"ஏன்க்கா, உனக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அவள்.

"வேணாம்னா வேணாம்."

டீச்சரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, படத்துக்கு உயிரே அந்த இடம்தான். கார்டை மட்டும் மங்கலாக்கிடலாம்னு சொல்றாங்க."

"மங்கலாக்கினதத் திரும்பத் தெளிவாக்க ஒரு மிஷினு இருக்காதா?" என்றேன்.

என்னை மட்டும் வெட்டி எடுத்துவிடலாமா என்றால், காமிரா நிற்காமல் திரும்பிய படம் அது, நடுவில் நான்தான் நிற்கிறேன். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா என்று படக்காரம்மா கேட்டார். தலையாட்டினேன். கம்ப்யூட்டரைத் திறந்து என் கண் முன்னால் அந்த வரிசையை வெட்டினார். மறுபடி போட்டுக் காட்டினார். குழாயடி வந்தது, அடுத்து ரயில் வந்துவிட்டது.

"இவளால நான் நின்ன இடமும் போச்சு" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்காரி எழுந்து போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அவர் என் கண் முன்னால் வெட்டியது ஒரு கம்ப்யூட்டரில். அவர் நாட்டில் வேறு கம்ப்யூட்டர் இருக்குமே. மனுஷி தன் வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்றுதான் நினைக்கிறேன். நினைப்பது வேறு, தெரிவது வேறு.

போன வருஷம் அல்சூரில் ஒரு ஹாலில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முட்டிவலி, கூட்டம் வேறு, நான் போகவில்லை. எதிர்வீட்டுக்காரி போனாள். மறுநாள் குழாயடியில் என் பக்கம் திரும்பாமல், எனக்குக் கேட்கிற மாதிரி, "நான் படத்துல நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். அவள் வருகிற இடம் இன்னொன்றும் இருக்கிறது, மாவு சலிக்கிறாள். அதைச் சொன்னாளா, வரிசையைச் சொன்னாளா? பேசாதவளிடம் எப்படிக் கேட்பது?

இப்போது என் கார்டில் இந்தச் சந்து விலாசம் ஏறிவிட்டது. ஆனால் ஹக்குபத்ராவுக்கு, எந்த வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்கிறார்களாம். அந்த வரிசையில் நான் பிடித்திருப்பதோ அல்சூர் கார்டு.

டீச்சரம்மா, இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யாரையாவது ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆற்றின் பேர் எனக்கு மறந்துவிட்டது. கதவுப் படம் முதலா, துணி வெளுக்கிற படம் முதலா என்றும் நிச்சயமில்லை. அதெல்லாம் தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். அப்படியே எங்கள் படத்தையும் முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயடிக்கும் ரயிலுக்கும் நடுவில் எதுவும் வருகிறதா என்று பார்த்து, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.