கவர் அண்ணனும் ஒரு கணினியும்

பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிக்கக் கடைக்காரர் கத்தியைக் கையில் எடுத்தால் போதும், எதிரே நிற்கும் கவர் அண்ணனின் கை குறுக்கே வந்துவிடும்.

“வேணாம் தம்பி, வேணாம்! பிரிக்காதீங்க.”

“உள்ள சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடலாம்ணே. வீட்டுக்குப் போயிட்டு வேலை செய்யலேன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க.”

“அதெல்லாம் வந்து நிக்க மாட்டேன். புதுசு புதுசாவே இருக்கட்டும்.”

பெட்டியை, பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்குவார். துணிப்பைக்குள் வைப்பார். மழை தூறினாலும் தூறலாமே என்று அந்தத் துணிப்பையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைப்பார். அதன் பிறகுதான் கடைப்படி இறங்குவார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்.

மனிதர் வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த பேருந்து ஓட்டுநர். அவர் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தத்தை ஒட்டியே கணினிச் சாமான் விற்கும் தெரு இருக்கிறது. வரிசையாகக் கடைகள் இருந்தும் தமிழ் பேசுகிற கடைக்காரர் ஒருவர்தான், அதனால் வேலை முடிந்ததும் நேராக அங்கே போய் நிற்பார். பணிமனையில் நம்மவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கவர் அண்ணன். யாராவது காரணம் கேட்டால், “ஒரு தடவ அவர் வீட்டுக்குப் போய்ட்டு வா, தெரியும்” என்பார்கள்.

போய்ப் பார்த்தால்தான் தெரியும். டிவி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், மேலே ரப்பர் பேண்ட். எந்தப் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று உறை மங்கிப்போய்ப் படிக்க முடியாது. அவர் விரலுக்குத்தான் அத்துப்படி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கம்பெனி ஒட்டி அனுப்பிய மெல்லிய தாள் ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் அம்மை கண்டதுபோல் கொப்புளம் கொப்புளமாக நிற்கும். சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் உறையும் கூடவே எழுந்து வரும். மெத்தையைப் பற்றி அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். “புரண்டு படுத்தா பொரிகடலைப் பொட்டலம் பிரிக்கிற மாதிரி சத்தம் வருதுங்க. இந்த மனுஷன் கூட இத்தனை வருஷம் தூங்கியிருக்கேனே, எனக்கு யாராவது மாலை போட வேணாமா?” என்பார் அந்த அம்மாள்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். கேட்டால் அவருக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. “நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்? நாளைக்கே கெளம்புன்னா கெளம்பணும். கவரோட இருந்தா, வாங்குறவன் முகம் சுளிக்காம வாங்குவான்.” இந்த ‘நாளைக்கே’வை அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் பெட்டியோடு வந்து இறங்கிய எத்தனையோ பேர் வீடு வாங்கிவிட்டார்கள். இவர் வீட்டில் சுவரில் ஓர் ஆணி கிடையாது.

இப்படிப்பட்டவர் கணினிச் சாமானாக வாங்கிக் குவித்தாரே, அது தனக்காக அல்ல, மனைவிக்காக.

அந்த அம்மாள் ஊரில் வரைபடக்காரர். பெரிய கட்டடங்களுக்குள் தண்ணீர்க் குழாய் எந்தச் சுவர் வழியாக ஏற வேண்டும், கழிவுநீர் எந்த மூலையில் இறங்க வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுப்பவர். இங்கே வந்த பிறகு கிடைத்தது ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. நாளெல்லாம் நின்று வெள்ளை வெள்ளையாக மடிப்பார். ஒருநாள் கணவர் ஓட்டிய பேருந்தில், கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தைப் பார்த்து, “அந்தக் குழாயை அங்க கொண்டு போறானே, மடையன்! பின்னாடி ஒழுகும் பாருங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கணவர் கண்ணாடியில் பார்த்தபோது, அம்மாள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். முகம் வாடிப்போயிருந்தது. அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முப்பரிமாணத்தில் கட்டடத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிற இந்தக் காலத்து வரைபடத்தை வீட்டிலிருந்த பழைய லேப்டாப் தாங்காது. தாங்குகிற கணினியைக் கடையில் முழுதாக வாங்கக் கட்டுப்படியாகாது. “பார்ட்டு பார்ட்டா வாங்கி நாமளே பூட்டிக்கலாங்க” என்றார் அம்மாள். என்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது அவர். தேடி வாங்கி வந்தது இவர். மதர்போர்டு வந்தது, பிராசசர் வந்தது, ரேம் வந்தது, பவர் சப்ளை வந்தது. வந்ததெல்லாம் பெட்டி பிரியாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கப்பட்டது. அடிக்கடி குனிந்து பார்த்து, “எல்லாம் கண்ணு மாதிரி இருக்கு” என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

கடைசிப் பெட்டி வந்த வாரத்தில்தான் அந்த வாய்ப்பும் வந்தது. நகரத்தின் ஒரு வரைபட அலுவலகம் அம்மாளின் விண்ணப்பத்தைப் பார்த்து, ஒரு சிறிய கட்டடத்தை அனுப்பியது. திங்கட்கிழமை காலைக்குள் அதற்குக் குழாய் வரைந்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை.

வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிராசசரை அதன் இடத்தில் இறக்கினார். சூட்டைக் கடத்துகிற பசையைப் பொட்டளவு வைத்தார். அதன் மேல் சூட்டை வாங்குகிற கூலரை அழுத்தித் திருகு முடுக்குவதற்குக் கைப்பலம் வேண்டும் என்று, “அதை நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டு ஒயர்களைப் பிரிக்கத் திரும்பினார். இவர் பேருந்துச் சக்கரத்துக்குத் திருகுவதுபோல் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். பொத்தானை அமுக்கியதும் விசிறி சுழன்றது, திரை வெளிச்சமானது. “அடி சக்கை!” என்று இவர் மேசையைத் தட்டினார்.

அந்தச் சந்தோஷம் வரைபடத்தைத் திறக்கிற வரைதான். கட்டடத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்புவதற்குள் விசிறி ஊளையிட்டது. பிறகு பட்டென்று எல்லாம் அணைந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. வெள்ளிக்கிழமையும் அதே கதை. வரைந்த குழாயெல்லாம் சேமிக்கும் முன்பே போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் அம்மாள் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என் கைதாங்க. பிராசசர வைக்கும்போது கீழ ஏதோ கம்பிப் பின்ன வளைச்சுட்டேன் போல. துணி மடிச்சு மடிச்சு விரலெல்லாம் மரத்துப் போச்சு. இனிமே இதுக்கெல்லாம் நான் லாயக்கில்ல.”

இவருக்கு ரத்தம் கொதித்தது, கடைக்காரர் மேல்தான். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று பவர் சப்ளையைக் கழற்றிப் பைக்குள் பை வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் என்ன திட்ட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். “சூடாகித்தான் நிக்குதுண்ணே. கூலருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருப்பானே, அதை எடுத்தீங்கல்ல? அது இருந்தா சூடு கூலருக்கு ஏறாது.”

இவர் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“அண்ணே?”

“எடுக்கணும்னு அதுலயே எழுதியிருந்துச்சு...”

“எழுதியிருந்துச்சா! பாத்துமா எடுக்கல?”

“எல்லாத்துலயும்தான் தம்பி எழுதியிருக்கான். எழுதியிருந்தா எடுத்துடறதா?”

கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, ஒரு சின்னக் குழல் பசையைக் கையில் கொடுத்து, பழசைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொல்லி அனுப்பினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

திரும்பும் பேருந்தில் தேள் கொட்டிய திருடன்போல் உட்கார்ந்திருந்தார். ஓட்டியவர் தெரிந்தவர், பேச்சுக் கொடுத்தும் இவர் பிடிகொடுக்கவில்லை. மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சமையலறைக்குப் போகும் சமயமாகப் பார்த்துக் கூலரைக் கழற்றிப் பிளாஸ்டிக்கை உரித்துவிடலாம். “பசை மட்டமாம், மாத்திட்டேன்” என்று சொல்லிவிடலாம். ஈ எறும்புக்குத் தெரியாது. பணிமனைக்குத் தெரிந்தால் ஓய்வு பெறும்வரை ஓட்டித் தள்ளிவிடுவார்களே!

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மாள் கையில் போன் இருந்தது.

“நானே எழுதிடறேங்க. என்னால முடியலை, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு. இழுத்தடிக்கிறது நல்லா இருக்காது. ஓட்டல் வேலைக்கு என்ன குறைச்சல், சொல்லுங்க?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க இவரால் முடியவில்லை. போட்ட திட்டமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“அனுப்பாத! உன் கையில ஒரு குத்தமும் இல்ல. கோளாறு என் கையிலதான்.”

“என்ன சொல்றீங்க?”

“கூலருக்கு அடியில... கவர் இருந்துச்சு. பிரிக்கல.”

அம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் விரிந்தது. “கூலர்லயுமாங்க?” என்றார். அவ்வளவுதான், அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றும் தண்ணீர் நிற்கவில்லை.

“என் கையையே கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேனே, பாவி மனுஷா! இந்நேரம் அனுப்பியிருப்பேன் தெரியுமா?”

“தெரியும். அதான் சொன்னேன்.”

“நீங்களே பிரிங்க” என்றார் அம்மாள், திருப்புளியை நீட்டி.

கழற்றி, நகத்தைக் கொடுத்து, ஓரத்தை நெம்பி இழுத்தார். சர்ரென்று உரிந்து வந்தது. அடியில் செம்பு பளபளவென்று இருந்தது. “இவ்வளவு அழகா இருந்திருக்கு!” என்று அவரை அறியாமல் சொல்லிவிட்டு, மனைவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். அம்மாள் பழைய பசையைத் துடைத்துப் புதிதாக வைத்தார், பவர் சப்ளையையும் திரும்பப் பூட்டினார். இந்தத் தடவை கட்டடம் திரையில் எத்தனை சுற்றுச் சுற்றியும் விசிறி முணுமுணுத்ததோடு சரி.

ஞாயிறு முழுவதும் அம்மாள் எழுந்திருக்கவில்லை. சோறு ஆக்கியது, பாத்திரம் கழுவியது, வாசல் மணிக்குப் போய் “அவங்க வேலையா இருக்காங்க” என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியது எல்லாம் இவர்தான். இரண்டாவது மாடியில் ஒரு குழாய் உத்தரத்தில் இடிக்கிறது என்று அம்மாள் தானாகப் பேசிக்கொண்டதைக் கதவருகில் நின்று கேட்டார். அந்தக் குரல் கல்யாணமான புதிதில் கேட்ட குரல். பொழுது சாய்வதற்குள் வரைபடம் போய்ச் சேர்ந்தது.

பதில் வரச் சில நாள் ஆயிற்று. வந்த பதில், “அடுத்த திங்கட்கிழமை சேரலாம்.”

அதற்கு முந்தின ஞாயிறு மாலை, வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியை எடுத்துவைத்துத் தன் சீருடையைத் தேய்த்தார். அடுத்ததாக மனைவியின் சலவைப் பிரிவுச் சீருடைக்குக் கை போயிற்று. அது ஓட்டலுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. பெட்டியைக் கையில் பிடித்தபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

“அந்தக் கத்தரிப்பூக் கலர் சுடிதார எடு.”

“எதுக்குங்க? வீட்டுலதானே உக்காரப் போறேன். என்னை யாரு பாக்கப் போறா?”

“ஆபீஸ்னா ஆபீஸ்தான்.”

கைமடிப்பு, கழுத்துப் பட்டி, ஓரத் தையல் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தார். தேய்த்ததை அலமாரிக்குக் கொண்டுபோகவில்லை. கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியின் முதுகில் அதை மாட்டி, தோள்பட்டை இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று சற்று விலகி நின்று பார்த்தார்.