மூன்று வயதுக்கு இரண்டு கிரெயின்

காரைக்குடியில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் படித்த நாளில், மருந்தளவுக் கணக்குதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. சாயங்காலம் வேலை ஓய்ந்ததும் கூடப் படித்த பள்ளத்தூர்ப் பெண் கேள்வி கேட்பாள். நான் சிலேட்டில் போட்டுக் காட்டுவேன். பிள்ளையின் வயதோடு பன்னிரண்டைக் கூட்டி, அந்தத் தொகையால் வயதை வகுக்க வேண்டும். பெரியவர்களுக்குரிய மருந்தில் அந்தப் பங்குதான் பிள்ளைக்கு; எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வோம்.

"மூணு வயசுப் பிள்ளை, குளிர்காய்ச்சல். பெரியவுகளுக்குக் கொய்னா பத்து கிரெயின். பிள்ளைக்கு எம்புட்டு?"

மூன்றைப் பதினைந்தால் வகுத்தேன். ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு கிரெயின் என்று எழுதிவிட்டுக் குனிந்தபடியே இருந்தேன்.

"சரியாத்தானக்கா போட்டிருக்கீக. ஏன் அழுகுறீக?"

சொன்னேன். கோட்டையூரில் குடியிருந்தபோது என் மகளுக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே சமயத்தில் குளிர்காய்ச்சல் கண்டது. அவர் தச்சர், வேலை பார்த்த செட்டியார் வீட்டில் கொய்னாப் பொட்டலம் கொடுத்தார்கள். அவர் தின்று எழுந்துவிட்டார். பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது? கேட்க ஆளில்லை. "பெரியவுக மருந்து, பிஞ்சு உடம்பு தாங்காது" என்று மிச்சத்தைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டார். எனக்கும் பயம்தான். கஷாயம் கொடுத்தோம். மகள் போய்விட்டாள். அவளுக்கு மூன்று வயது. அப்புறம் எங்களுக்குள் பேச்சே அற்றுப்போயிற்று. அவர் ரங்கூனுக்குக் கப்பலேறினார். என் அண்ணன் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

மறுநாளிலிருந்து பள்ளத்தூர்ப் பெண் இரண்டு வயதுக்குக் கேட்பாள், நான்குக்குக் கேட்பாள், மூன்றைத் தொடமாட்டாள்.

"அதையும் கேளு தாயி. வார்டுக்கு மூணு வயசுப் பிள்ளை வராமலா போகும்?" என்றேன்.

கேட்டாள். சிலேட்டை எடுத்து விடை எழுதினேன்.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை பார்த்தபோது ஒருநாள் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது.

"மருந்துக் கணக்கெல்லாம் படிச்சிருக்கியாமே. அன்னைக்குக் கொடுத்திருந்தாப் பிழைச்சிருக்குமா?"

கப்பலில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்திருப்பார் போலும்.

"எப்படிச் சொல்றது? மருந்து கொடுத்தும் சில பிள்ளைக தக்குறதில்லை. மனசைப் போட்டு உழப்பிக்கிறாதீக" என்றேன். அதுவும் நான் வார்டில் கண்டதுதான்.

தலையை ஆட்டினார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துத் திரும்பினேன். வாசலில் அவர் இல்லை. மறுபடி ரங்கூனுக்கே போய்விட்டதாகப் பிறகு அண்ணன் சொன்னார். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை.