விமான நிலையத்தில் யாரும் பேசுவதில்லை

இன்று செங்கம் ரோட்டு டீக்கடையில் எங்கள் பி.எட். அசைன்மெண்ட் கவிழ்ந்தது.

உலகமயமான உலகத்துக்கு ஏற்றபடி ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் ஆங்கிலப் பாடத்திட்டம் தயாரிக்க வேண்டும். நாளை காலைக்குள் கொடுத்தாக வேண்டும். 'விமான நிலையத்தில் ஓர் உரையாடல்' என்று நானும் கவிதாவும் முதல் பாடத்தையே நான்கு பக்கம் எழுதியிருந்தோம். நாங்கள் இருவருமே விமான நிலையத்தைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பக்கத்து பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரர்.

"அவராண்ட காட்டலாம்டி. உலகமே பக்கத்துல உக்காந்து டீ குடிக்குது" என்றாள் கவிதா.

காட்டினோம். போலந்துக்காரராம். ஆசிரமத்துக்கு வந்தவர், இங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாராம். ஆங்கிலம் அவருக்கும் எங்களைப் போலவே யோசித்து யோசித்துத்தான் வந்தது. பொறுமையாகப் படித்துவிட்டு, "ஏர்போர்ட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லாம் மெஷின்" என்றார்.

பிறகு எங்கேதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது என்று கேட்டேன்.

"வீட்டு ஓனரிடம். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதை எப்படிச் சொல்வது?"

கவிதா நான்கு பக்கத்தையும் குறுக்கே அடித்தாள். "எழுதுடி. முதல் பாடம், ஓனருக்கு ஒரு போன்."

அரை மணி நேரத்தில் புதுப் பாடம் தயார். அவர் அதை போட்டோ எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போனார்.

எங்கள் ரூமிலும் ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லை. நாங்கள் ஓனரிடம் தமிழில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எந்த மொழியில் கேட்டால் மோட்டார் போடுவார் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் சேர்த்துவிடுகிறோம்.