தீவுக்குப் போன கல்யாணச் சாமியானா

சாமியானா வாடகைக்குக் கேட்கிறவன் நாற்காலி, ஜமக்காளம் எல்லாம் ஒழுங்காகச் சொல்வான். அடியில் தரை எப்படி என்று மட்டும் சொல்லமாட்டான். முளை அடித்து முதுகு போனவர்களுக்கு இது புரியும்.

படகுத்துறை

எண்பதுகளில் அம்பத்தூரில் எனக்குக் கடை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து புருஷோத்தமன் வந்தார். ஃபாக்டரியில் சூப்பர்வைசர். நாலைந்து குடும்பம் பழவேற்காடு ஏரியில் படகேறி, ஒரு தீவில் ராத்திரி தங்கவேண்டுமாம். கூடாரம் என்னிடம் ஏது? கல்யாணச் சாமியானா, சமையல் கொட்டகைக்குக் கட்டும் தார்ப்பாய், தண்ணீருக்கு ஒரு பெரிய அண்டா. அவ்வளவுதான். கட்டிக்கொடுக்க நானே போனேன். சமைக்கப் பூந்தமல்லி காதர் பாய். ஜரிகைத் தொங்கலைப் பார்த்துப் படகுக்காரன் கேட்டான்: "இன்னா நைனா, பொண்ணு மாப்ள அடுத்த படகுல வர்றாங்களா?"

அண்டா

பாதி வழியில் படகு சேற்றில் தட்டியது. "பாரத்தக் கொறைங்கபா" என்று முன்பக்கம் கோல் ஊன்றியபடி கத்தினான் படகுக்காரன். நாங்கள் இறங்கித் தள்ளினோம். இறங்காமல் மேலே நின்ற புருஷோத்தமன், பாரம் குறையட்டும் என்று அண்டாவைச் சாய்த்துவிட்டார். குடிதண்ணீர் மொத்தமும் போச்சு. நான் முறைத்தேன். "பதறாதீங்கண்ணே," என்றார், "தீவுன்னா ஒரு கைபம்பு இல்லாமலா இருக்கும்?"

மணல்

இல்லை. அது தெரிவதற்குள், காலையில் வருவதாகச் சொல்லிப் படகுக்காரன் போய்விட்டான். கடப்பாரையால் குழி தோண்டினேன். ஊறியது, வாயில் வைத்தால் ஏரித் தண்ணீர் மாதிரியே உப்பு. மதியத்துக்குள், குடும்பங்கள் கையோடு கொண்டுவந்த கூஜாக்களும் காலி. புருஷோத்தமனின் சின்னப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுச் சுருண்டு படுத்தாள். அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை.

மணலில் முளையும் பிடிக்கவில்லை. காலிச் சாக்குகளில் மணல் நிரப்பிப் புதைத்துக் கயிறு கட்டினேன். விறைப்பு வரவில்லை. சாமியானா, மேலே தார்ப்பாய், இரண்டும் தொளதொளவென்று தொங்கின. காதர் பாய் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். "அரிசி கீது, கறி கீது, வெறகு கீது," என்றார். "தண்ணியத்தான் சாரு ஏரிக்கு மொய் வச்சுட்டாரு."

தொங்கல்

சாயங்காலம் மேற்கே கறுத்தது. கொட்ட ஆரம்பித்தது. எல்லாரும் உள்ளே ஓடிவந்தார்கள். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கி, நடுவில் வயிறு மாதிரி இறங்கியது. சாமியானாக்காரனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. விட்டால் பந்தல் உட்கார்ந்துவிடும். எந்தக் கல்யாணத்திலும் ஓடிப்போய்க் கொம்பால் முட்டித் தள்ளிவிடுவேன். புருஷோத்தமனும் அதைப் பார்த்திருப்பார் போல. கொம்பைத் தூக்கிவிட்டார்.

"முட்டினா கைய ஒடிச்சிடுவேன்!" என்றேன். ஜென்மத்தில் அப்படிக் கத்தியதில்லை. காதர் பாய் தார்ப்பாயின் ஓரத்துக்குக் கீழே அண்டாவை நிறுத்தினார். அந்தப் பக்கத்துக் கயிற்றை மெல்லத் தளர்த்தினேன். வயிறு சரிந்து, தண்ணீர் மொத்தமும் அண்டாவில் இறங்கியது. நிறைந்து வழிந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

புருஷோத்தமன் பெண்ணை மடியில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "சாம்பார் வாசனை வருதுப்பா. இன்னொரு டம்ளர் குடு."

இப்போதும் மழையில் சாமியானா தொங்கினால், கொம்பை எடுப்பதற்கு முன் பக்கத்தில் அண்டா இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.