போஸ்டரில் தங்கையின் ஊர்

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காலை ஐந்தரை மணிக்கு இறந்தார். தங்கை அப்போது அண்டார்டிகாவில் இருந்தாள். பனிக்கு அடியில் இருக்கும் ஏரிகளை ஆராய அவளுடைய பல்கலைக்கழகம் அனுப்பிய குழுவில் அவளும் ஒருத்தி. மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பிவிட்டால் நவம்பர் வரை அங்கிருந்து யாரும் வர முடியாது. இது நடந்தது ஆடி மாதம்.

அம்மா படுக்கையில் விழுந்தபோதே பல்கலைக்கழகத்தில் இருந்தபடி குழுவைக் கவனிக்கும் பேராசிரியரிடம் பேசி வைத்திருந்தேன். எது நடந்தாலும் முதலில் அவருக்குச் சொல்வேன். முகாமில் உள்ள டாக்டர் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். குளிர்காலம் முழுக்கச் சூரியனே வராத இடம் அது. தூக்கம் கெட்டு, சின்ன விஷயத்துக்கும் ஆட்கள் உடைந்துபோவார்கள் என்று பேராசிரியரே சொல்லியிருந்தார். தனியாக இருக்கும்போது அவளுக்கு இது தெரியக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஆறு மணிக்கு அவரை அழைத்தேன். அங்கே எல்லோரும் தூங்கும் நேரம், டாக்டர் எழுந்து சொல்ல நமக்குப் பதினொரு மணி ஆகிவிடும் என்றார்.

அம்மாவை ராஜபாளையம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தேவதானத்திலிருந்து பைக்கில் வந்த தாய்மாமா, ஐஸ் பெட்டி எத்தனை நாளைக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எங்கள் பக்கம் மகள் முகம் பார்க்காமல் எடுப்பதில்லை. துபாய் என்றால் ஒரு நாள், அமெரிக்கா என்றால் இரண்டு நாள் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. நவம்பர் என்றேன்.

"நீ பத்திரிகைக்காரன்தானல. கலெக்டரைப் பிடிச்சு ஒரு ஹெலிகாப்டருக்குச் சொல்ல முடியாதாக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. முடியாது என்றேன். சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

அடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இருபது வருடம் செய்தித்தாளில் பிழை திருத்தியவன் என்பதால் வாசகத்தை நானே எழுதினேன். உறவுகளை முறைப்படி வரிசைப்படுத்தினேன். தங்கை பெயருக்குப் பக்கத்தில் அண்டார்டிகா என்று போடச் சொன்னார் மாமா. "வரலைன்னா ஏன் வரலைன்னு ஊருக்குத் தெரியணும்லா. இல்லைன்னா வாய்க்கு வந்தபடி பேசுவானுவ." நியாயமாகப் பட்டது. அச்சகத்திலிருந்து போனில் வந்த புரூஃபை மூன்று முறை படித்தேன். பெயர்கள் சரி, நேரம் சரி. மாமாவுக்கும் அதை அனுப்பினேன். பேருந்து நிலையச் சுவரில் நின்று படிக்கிறவர்களைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

மாமா எட்டரை மணிக்கு அதைத் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். தங்கைக்கு இன்னும் தெரியாது என்பதை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பதேகாலுக்குத் தங்கை அழைத்தாள்.

"அண்ணே, மாமா ஸ்டேட்டஸ் பாத்தேன்."

குரல் வந்து சேர இரண்டு விநாடி பிடித்தது. அதற்குள் நான் பேசிவிட, இரண்டு பேச்சும் மோதிக்கொண்டன. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. தூக்கம் வரல, சும்மா போனைப் பாத்துட்டு இருந்தேன்." என்றாள். "நாலு மணின்னு போட்டிருக்கு. எனக்காக வச்சிருக்க வேண்டாம், எடுத்துருங்க."

போய் டாக்டரை எழுப்பு என்றேன். பாவம், பகலெல்லாம் வேலை பார்த்தவர், தூங்கட்டும் என்றாள். மறுபடியும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"போ தாயி. போயி கதவைத் தட்டு. நாங்க லைன்லயே இருக்கோம்."

ஸ்பீக்கரில் போட்டேன். செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. பின்னால் ஏதோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்துபோன மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் தட்டும் சத்தம் ஒரு முறை வந்தது. செத்த நேரம் கழித்து இன்னொரு முறை. அதோடு லைன் அறுந்துவிட்டது.

நாலைந்து தடவை அழைத்தேன். மணியே போகவில்லை. பேராசிரியர் போனை எடுக்கவில்லை.

"தொறந்திருப்பாரா?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

மாலை போட வந்தவர்கள் வரிசையாக அப்பா கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நடுவில் என் பக்கம் திரும்பி மறுபடியும் அதையே கேட்டார்.