அத்தையும் அடைபட்ட ஜலதாரையும்

சவேரியம்மாள் அத்தை இறந்த செய்தி நான் வேலை செய்யும் தையல் கம்பெனிக்கு வந்தது. எதிர்வீட்டு மைக்கேல் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து, "அக்கா, ஆயா பூட்ச்சிக்கா" என்றான். காலையில் அவருக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். தையல் மெஷினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் எழுந்து நின்றேன்.

அவர் என் மாமியார். திருவொற்றியூரில் எங்கள் தெருக்காரர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பூசைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர், குழாயடிச் சண்டையை ஓர் அதட்டலில் நிறுத்துபவர் என்று நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நீங்கள் அறியாத இரண்டு நாட்களைச் சொல்கிறேன். அந்த இரண்டு நாட்களையும் வெட்கப்படாமல் என்னால் நினைக்க முடிவதில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த நாள். ராயபுரத்தில் நாங்கள் இருந்தது பல குடித்தனங்களுக்கு ஒரே குளியலறை உள்ள வீடு. அன்று பார்த்து ஜலதாரை அடைத்துக்கொண்டது. சோப்பு நுரையும் தலைமுடியும் கலந்த கறுத்த தண்ணீர் படியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டது. அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து வரவில்லை. அம்மாவுக்கு அரிவாள்மனையில் விரல் வெட்டுப்பட்டிருந்தது. புண்ணோடு அந்தத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அடைப்பு கம்பிக்கு வரவில்லை. கையை விட்டேன். முழங்கை வரை உள்ளே இருந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. மாலையில் வரவேண்டியவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

எழுந்து நின்ற என் கையில் செத்த எலி போல ஒரு முடிக்கொத்து தொங்கியது. மாப்பிள்ளையின் சித்தப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இது? பொண்ணக் காட்டுவீங்கன்னு வந்தா கலீஜக் காட்டுறீங்க?" எனக்கு அந்த ஓட்டைக்குள்ளேயே இறங்கிப் போய்விடலாம் போலிருந்தது.

அத்தை செருப்பைக் கழற்றாமல், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்து வந்தார். "கையக் காட்டு. எங்கனா கீறல் கீதா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் அம்மா பக்கம் திரும்பினார். "வெந்நீல சலவை சோடா போட்டு எடுத்தாம்மா. குளிக்கிற சொம்புல மொண்டு ஊத்தாத, வேற டப்பா குடு." முடிக்கொத்தை ஓரமாகப் போடப் போன என்னைத் தடுத்து, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடச் சொன்னார். "வெளிய கெடந்தா ஈ மொய்க்கும். அந்த ஈ நேரா சோத்துல வந்து குந்தும்." சோடா தண்ணீர் உள்ளே போனதும் ஜலதாரை ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம் கேட்டுத் தண்ணீர் இறங்கியது. அவரே தண்ணீர் ஊற்ற, முழங்கை வரை இரண்டு தரம் சோப்புப் போட்டேன். நகக்கண்ணைத் துடைப்பக்குச்சியால் சுரண்டச் சொன்னார். பிறகுதான் குளிக்க விட்டார்.

காபி கொண்டுவந்தபோது சித்தப்பா தம்ளரைத் தொடவில்லை. "அந்தக் கையாலயா?" என்று முணுமுணுத்தார். அத்தை தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்து வைத்தார். "கை அழுக்காச்சி, பொண்ணு கழுவிடுச்சி. வாயி அழுக்கானா எதால கழுவுறது தம்பி?" மாப்பிள்ளையும் தலையைக் குனிந்தபடி தன் தம்ளரை எடுத்துக்கொண்டார்.

அவர் அப்படிச் சொல்லியும் என் கூச்சம் போகவில்லை. கல்யாணத்தன்று கோவிலில் மோதிரம் போட விரலை நீட்டியபோது, ஒருதரம் கையை முகர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

அடுத்தது, போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஜலதாரை அடைத்தது. என் கணவர் கம்பியை விட்டு இழுத்ததில் பழைய புடவைத் துண்டு ஒன்று வந்தது. "யாரு இதப் போட்டது? வூட்ல யாருக்கும் அறிவு இல்லியா?" என்று கத்தினார். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார். யார் முன்னும் குனியாத தலை குனிந்திருந்தது. துணியின் வாடையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சிறுநீர் அடங்குவதில்லை. நான் வேலைக்குப் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் துணிகளை அலசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான்தான். கை தவறிப் போச்சு" என்றேன். எனக்குத் திட்டு விழுந்தது. அவரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன்.

மத்தியானம் அத்தை சாப்பிட உட்காரவில்லை. "இன்னாத்துக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வெக்கமா இருக்குமேன்னு..."

"இப்ப ரெண்டு வெக்கம். மூத்திரம் நிக்கலன்றது ஒண்ணு. உன்னத் திட்டு வாங்க வுட்டுட்டு கம்முனு நின்னது ஒண்ணு."

மகனை அவரே கூப்பிட்டார். "டேய், அந்தத் துணி என்னுது. எனக்கு அடக்க முடியல" என்றார். என் கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "சொல்லக்கூடாதாம்மா?" என்றார். மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அத்தை துணிகளை வாசல் கொடியிலேயே உலர்த்தினார். "இன்னா ஆயா, வூட்ல கொழந்த கீதா?" என்று தெருவில் போன ஒருத்தி கேட்டாள். "கீது. நான்தான் அது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆனால் அதன்பின் ஒருநாளும் மறைக்கவில்லை. துணிகளை நான் வெந்நீரில் அலசிக் கொடுப்பேன். பிழிய முடிந்தவரை அவரே பிழிந்து போடுவார்.

அடக்கம் முடிந்ததும் அந்தத் துணிகளைக் கொளுத்திவிடச் சொன்னார்கள். அவருடைய ஜெபமாலையை நாத்தனார் எடுத்துக்கொண்டார். துணிகளை நான் சோடா போட்டு வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எனக்கும் ஒருநாள் அவை வேண்டியிருக்கலாம். அன்று அவற்றை வாசலில் உலர்த்தும் தைரியம் எனக்கு வருமா, தெரியவில்லை.