ஐந்து பேர் மெதுவாகப் பேசினால்

என் மனைவியின் அக்காவைக் கட்டியவரை டிப்போவில் எல்லோரும் 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஓயாமல் ஹாரன் அடிப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். அதை அநாவசியமாகத் தொடவே மாட்டார். மனிதர் வாயைத் திறந்து 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் 'ஆச்சு' என்று பதில் சொல்வார். அதனால் வந்த பெயர்.

அவர் மேல் தப்பில்லை. இன்ஜின் உள்ளேயே இருக்கும் பழைய பஸ்களில்தான் அவர் காலம் முழுக்கப் போனது. டிரைவர் சீட்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து உறுமிக்கொண்டே இருந்த அந்த இன்ஜின், போகிற போக்கில் அவருடைய இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் வலது காது. அதுவும் அரை நாள் லீவில் இருக்கிற காதுதான். காதில் மாட்டும் மிஷின் வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். மிக்ஸி ஓடினால் பஸ் ஏறி வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

ஆனால் ஓட்டும்போது ஒரு குறையும் கிடையாது. பின்னால் இருந்து கண்டக்டர் கத்துவது இன்ஜின் சத்தத்தில் நல்ல காதுக்கே கேட்காது. இவர் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் அவன் வாயைப் பார்ப்பார், வண்டி கிளம்பும். 'அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்' என்று ஒரு அம்மா பக்கத்து சீட்டில் முனகினால்கூட வண்டி சரியாக நிற்கும். 'ஹாரனுக்கு முதுகில் கண்' என்பார்கள். நாங்களும் கேட்டுச் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் இதற்கென்று ஒரு சட்டம் தானாகவே உருவானது. அவருக்குக் கேட்க வேண்டிய விஷயம் என்றால் வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். கேட்கக் கூடாதது என்றால் இடப்பக்கம். அக்கா, அதாவது அவர் மனைவி, இந்தச் சட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாள். காய்கறி, கரண்ட் பில், உறவுக்காரர் கல்யாணம் எல்லாம் வலப்பக்கம். திட்டு மட்டும் இடப்பக்கம். 'இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் பட்ட பாடு' என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் பொழிந்துவிட்டு, தெளிந்த முகத்தோடு சமையலறைக்குப் போவாள். திட்டின திருப்தி அவளுக்கு, கேட்காத நிம்மதி அவருக்கு. இப்படி ஒரு வசதி எந்த வீட்டில் உண்டு? எனக்கு ரெண்டு காதும் நன்றாக வேலை செய்வதை நினைத்துப் பல நாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

சிக்கல் அவர் ரிடையர் ஆன பிறகு வந்தது. வேலையில் இருந்தவரை பாதி நாள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார், மீதி நாள் எல்லோரும் தூங்கின பிறகு வருவார். இருவரும் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்ததில்லை. 'ரிடையர் ஆனதும் தினம் சாயங்காலம் ஒரு படம்' என்று வருஷக்கணக்கில் சொல்லி வைத்திருந்தார். சொன்னபடியே டி.வி. முன்னால் உட்கார்ந்தார். அவருக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அக்கா ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தலைவலி என்று எழுந்து போனவள், சமையலறையில் ஸ்டூல் போட்டு, போனும் இயர்போனுமாகத் தனிக் குடித்தனம் வைத்துவிட்டாள். மூன்று பேர் உட்காரும் சோபாவில் இவர் மட்டும் நடுவில்.

"சகல, கொஞ்சம் வாங்க. கடைக்குப் போகணும்" என்று ஒரு நாள் போன் செய்தார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தே கேட்டுக்கொண்டேன்.

"என்னண்ணே வாங்கணும்?"

"வீடு பூரா ஸ்பீக்கர் வைப்பாங்கள்ல, சரவுண்ட் சவுண்டு, அது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இருக்கிற சத்தம் பத்தலயா? அக்கா வீட்டை விட்டே கிளம்பிடுவாங்கண்ணே!"

"உங்களுக்குப் புரியல. ஒரே ஆள் தூரத்துல நின்னு பேசினா கத்தித்தான் ஆகணும். அஞ்சு பேர் சுத்தி உட்கார்ந்து மெதுவாப் பேசினா எதுக்குக் கத்தணும்? ஸ்பீக்கருக்கும் அதே கணக்குத்தான்."

முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்குத்தான் இப்படி ஒரு விஞ்ஞானம் தோன்றும். கூட்டத்தைப் பிரித்து உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. நேரில் போயும் வாதாடிப் பார்த்தேன். நான் சொன்னதில் பாதி இடது காதுப் பக்கம் போனதாகக் காட்டிக்கொண்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அதாவது மற்றவர்கள் பேசுகிற அளவில், "அவ வந்து பக்கத்துல உட்காரணும் சகல. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நண்பர்கள் பிரிவு உபசாரத்தில் கொடுத்த கவர்தான் பட்ஜெட். அதற்கு மேல் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். முதல் கடையில் எங்களை ஒரு இருட்டு அறையில் உட்கார வைத்தார்கள். டை கட்டிய விற்பனையாளர் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டார். ஹெலிகாப்டர் என் பிடரியில் இறங்கியது. நான் குனிந்தே விட்டேன். இவர் மட்டும் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியவர் மாதிரி ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி சார், பின்னாடி இருந்து வருதா?" என்றார் டை கட்டியவர்.

"பிரமாதம். இடப்பக்கம் பின்னாடியிருந்து வந்து வலப்பக்கம் போச்சு" என்றார் இவர்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"எதிர்க்க கண்ணாடிக் கதவு இருந்துச்சுல்ல? உங்க மூஞ்சியைப் பார்த்துட்டே இருந்தேன். நீங்க திரும்பின பக்கம்தானே சத்தம்?"

அந்தக் கடையில் ஸ்பீக்கர்கள் ஆள் உயரம். அவற்றை வைத்தால் சோபாவை வெளியே வைக்க வேண்டும். அடுத்த கடையில் விலை ஆள் உயரம். மூன்றாவது கடையில் வயர் இல்லாதது ஒன்று இருந்தது. கேட்டதும் மயங்கிவிட்டேன். அதற்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி கரண்ட் வயர் வேண்டும் என்றார்கள். வயர் இல்லாததற்கு எதற்கு வயர் என்று அவர் கேட்ட கேள்வி கடைவாசல் வரை கேட்டது. நாலாவது கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கையடக்கமாக ஐந்து சின்ன ஸ்பீக்கர், தும்மினால் உருண்டுவிடும் அளவில் ஒரு பேஸ் பெட்டி. அதன் உறுமலைத் தரையில் காலை வைத்தே சோதித்தார். "இந்த அதிர்வு அக்கம்பக்கத்துக்கு ஆகாது. இதைக் குறைக்க முடியுமா?" என்றார். முடியும் என்றார் கடைக்காரர். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாமா என்று அடுத்த கேள்வி. அதுவும் முடியும். கவரில் இருந்த பணத்திலேயே கதை முடிந்தது. டீக்கும் மிஞ்சியது.

மறுநாள் மதியம் மாட்டிக் கொடுக்க ஒரு பிட்டர் வந்தார். அக்கா சமையலறை வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இது ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு" என்று என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூ எண்ணுகிற மாதிரி தரையைப் பார்த்தேன்.

முன்னால் மூன்று ஸ்பீக்கரை டி.வி.யைச் சுற்றி வைத்தாயிற்று. ஒன்று சோபாவுக்கு இடப்பக்கம். கடைசி ஒன்றுக்குத்தான் வழியில்லை. வலப்பக்கச் சுவரில் ஜன்னல். பிட்டர் டேப்பால் அளந்து பார்த்துவிட்டு, "சோபாவுலயே இந்த ஓரத்துல ஒரு ஸ்டாண்டு வெச்சுடலாம். அப்பதான் உங்க காதுக்கு நேரா வரும்" என்றார்.

வைத்துப் போட்டும் காட்டினார். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வரும்படி வைத்து, வலது காதுக்குப் பக்கத்தில் இருந்ததை மட்டும் கொஞ்சம் கூட்டினார். சரவுண்ட் வாங்கி அதை இப்படி வைத்தவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். படத்தில் ஒருத்தி மெதுவாக அழுதாள். சகலையின் முகம் மலர்ந்தது. "அழறது கேக்குது!" என்று கத்தினார். ஜன்னல் நடுங்கவில்லை. அவருடைய ஐந்து பேர் கணக்கு பலித்தே விட்டது.

உடனே அந்த முகம் சுருங்கியது. ஸ்டாண்டு நின்ற ஓரத்தைப் பார்த்தார். அவருக்கு வலப்பக்கம், அக்கா உட்காரும் இடம்.

"இதை எடுத்துடுங்க" என்றார்.

"எடுத்தா பழையபடி சத்தம் வெக்கணும் சார்."

"பரவாயில்ல, எடுத்துடுங்க. அது அவ இடம்."

பிட்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை கடை ஏறி இறங்கியதும் இதற்குத்தானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். "இருக்கட்டும், எடுக்காதீங்க" என்று பிட்டரிடம் சொல்லிவிட்டு, சோபாவைச் சுற்றிப் போய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நின்று திட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

பிட்டர் வயரைச் சரி செய்ய டி.வி.யை அணைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கறுத்த திரையில் சோபாவும் அவர்கள் இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். அக்கா நேராகப் பார்த்தபடி, பழக்கதோஷத்தில், இடது காதுக்குள் முணுமுணுத்தாள். இந்த முறை அது திட்டு இல்லை.

"காது போனா போகுது. நல்லபடியா வீடு வந்து சேர்ந்தீங்களே, எனக்கு அது போதும்."

"எனக்கும் அது போதும்" என்றார் அவர்.

அக்கா விருட்டென்று திரும்பினாள். "கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு? பார்த்தேன்" என்று திரையைக் காட்டினார். அதில் அக்காவின் வாய் திறந்தே இருந்தது. டி.வி.க்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ் இருக்கிறது. கல்யாணமான வருஷத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறது. அக்காவின் பார்வை மெல்ல அதற்குப் போனது.

"அப்ப இத்தனை வருஷமா நான் இந்தப் பக்கம் நின்னு சொன்னதெல்லாம்?"

"ஒண்ணு விடாம வந்து சேர்ந்துச்சு."

"ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியே நீங்க!"

"நாள் பூரா வீட்டுல இல்லாதவன் மேல கோவம் வராதா? சொல்லிட்டு நீ நிம்மதியா உள்ள போவ. எனக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கணும்" என்றார். வழக்கமான குரல்தான். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "கள்ளன்!" என்றாள். பிறகு அவர் தோளை இடித்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

சகலை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்களும் இந்தப் பக்கம் நின்னு நிறைய பேசியிருக்கீங்க சகல" என்றார். நான் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.